அடையாற்றோடு ஐந்து நாள்

முதல் நாள்: மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர்

2015 டிசம்பர் 1 ராத்திரி ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாறு வந்தது. தரைத்தளம். அம்மாவைக் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டு அரிசி டப்பாவையும் அப்பாவின் படத்தையும் எடுக்கத் திரும்பி இறங்கினால், அதற்குள் இடுப்பளவு தண்ணீர். விடியும்வரை மூன்றாவது மாடி வீட்டுக்காரர்களோடு மொட்டை மாடியில் நின்றோம். சுற்றிலும் எல்லோரும் "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களாம்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும், "ஏரி நிரம்புனா திறக்கத்தான் செய்வாங்க, இவ்ளோ தண்ணி அதுக்கு முன்னாடி எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆற்றிலிருந்து நூறு மீட்டரில் வளர்ந்தவன் நான், அந்த ஆறு எங்கே தொடங்குகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பயணம். பொங்கல் முடிந்து ஐந்து நாள் விடுப்பு, தம்பியின் ஸ்கூட்டர், முடிந்த இடத்தில் நடை. மழை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் மேல்பக்கம் தண்ணீர் இன்னும் ஓடுகிறது.

அடையாற்றின் நீளம் 42 கிலோமீட்டர் சொச்சம். மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் மலைப்பட்டு ஏரியில் உற்பத்தியாகிறது என்பது ஒரு கணக்கு, ஆதனூர் ஏரி என்பது இன்னொரு கணக்கு, ஊருக்குள் கேட்டால் செம்பரம்பாக்கம் என்பார்கள். மூன்றையும் பார்த்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பினேன்.

மலைப்பட்டில் ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் "ஐயா, அடையாறு எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டேன். "ஆறா? இங்க ஏதுப்பா ஆறு, கால்வாதான் இருக்குது" என்று கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் நாணலுக்கு நடுவே நான்கடி அகலத்தில் ஒரு வாய்க்கால். ஒரு எட்டு வைத்துத் தாண்டிவிடலாம் போலிருந்தது, ஆனால் கால் வைக்க மனசு வரவில்லை.

அங்கிருந்து மணிமங்கலம். பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் ஏழாம் நூற்றாண்டில் மோதிய போர்க்களங்களில் இதுவும் ஒன்று. இப்போது ராஜகோபாலப் பெருமாள் கோயிலும் பெரிய ஏரியும் டீக்கடையுமாக அமைதியாக இருக்கிறது. இந்த ஏரியும் நிரம்பினால் வழிவது அடையாற்றுக்குத்தான்.

ஆதனூரில்தான் இன்று அதிக நேரம் இருந்தேன். கலங்கலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரிக்கரையில் பாசனத்துக்குத் திறந்து மூடுகிற வாசல் மதகு. கலங்கல் அப்படியல்ல, அதற்குக் கதவே கிடையாது. கரையைவிடத் தாழ்வாக, கணக்குப் பார்த்து ஓரிடத்தில் கல்கட்டு வைத்திருப்பார்கள், தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால் தானாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். யாரும் ராத்திரியில் விழித்திருந்து திறக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை, ஒன்று நிரம்பி அடுத்தது, அது நிரம்பி அதற்கடுத்தது என்று மொத்த மண்ணையும் படிப்படியாகக் கோர்த்து வைத்திருக்கிறார்கள்.

நான் போனபோது கல்லின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கல்லின் விளிம்பில் பாசி, தண்ணீர் போகிற திசையிலேயே வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்திருந்தது. கீழே இரண்டு பையன்கள் பழைய கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பொடிக்கெண்டை துள்ளி விழ விழ ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்தார்கள். கொஞ்சம் தள்ளி வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க ஏரி வழிஞ்சா இங்க ஆரம்பிக்குது தம்பி. மணிமங்கலம் வழிஞ்சா அங்க ஆரம்பிக்கும். எதுவும் வழியலன்னா அந்த வருசம் ஆறே இல்ல."

வண்டியை எடுக்காமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுமார் 200 ஏரி, குளம், தாங்கல்களின் தண்ணீர் அடையாற்றுக்கு வருகிறது என்று படித்தபோது அவை ஆற்றுக்கு உதவி செய்கிற ஏரிகள் என்று நினைத்திருந்தேன். அது தவறு. இந்த ஏரிகளின் மிச்சம்தான் ஆறு. அதனால் இதற்குத் தலை ஒரே இடத்தில் இல்லை, அந்த வருஷம் எங்கே மழை பெய்ததோ அங்கே.

இரண்டாம் நாள்: வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை

ஆதனூர்க் கால்வாய் மண்ணிவாக்கம் வழியாக வடக்கே போய் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வரும்போது மேற்கிலிருந்து மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்துத் தண்ணீரும் சேருகிறது. நேற்று நாலடியில் பார்த்ததை இன்று பொக்லைன் வெட்டிய அகலமான மண்கரைகளுக்கு நடுவே பார்க்கிறேன். 2015-க்கு அப்புறம் அகலப்படுத்தியது. கரையில் இன்னும் புல் சரியாகப் பிடிக்கவில்லை, மழை ஓடிய தடம் கோடு கோடாகத் தெரிகிறது. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை தலைக்கு மேலே போகிறது.

இங்கே வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மனை விற்றவர் "ஏரி வியூ" என்று சொல்லியிருப்பார், பட்டா இருந்தது, வங்கியும் கடன் கொடுத்தது. தண்ணீர் வாங்கப் போன மளிகைக்கடையில் ஒரு அக்கா சுவரில் தன் தோளுக்கு மேலே கையை வைத்துக் காட்டி, "இது பதினஞ்சுல" என்றார். கையை இடுப்புக்கு இறக்கி, "இது மிக்ஜாம்ல." 2023 டிசம்பர் புயலைச் சொல்கிறார். மழைக்காலம் வந்தால் பிரிட்ஜுக்குக் கீழே நாலு கல் வைத்து ஏற்றிவிடுவார்களாம், தை பிறந்து இன்னும் இறக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே நாலு கல் உண்டு, அதனால் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் கேள்விக்கு இந்தப் பகுதியில் ஒரு பாதி பதில் கிடைக்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி ஊரே பேசியது, பேசத்தான் வேண்டும், அதில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. ஆனால் அந்த ஏரிக்குச் சம்பந்தமே இல்லாத முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இது ஆதனூரும் மணிமங்கலமும் வழிந்த தண்ணீர். கதவு இல்லாத கலங்கல்களின் தண்ணீர்.

மதியத்துக்கு மேல் திருநீர்மலை. கீழே நீர்வண்ணப் பெருமாள், மேலே ரங்கநாதர். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நான்கு கோலத்தையும் ஒரே ஊரில் சேவிக்கலாம். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றிக் கடல்போலத் தண்ணீர் நின்றதாம், வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து அப்புறம்தான் தரிசனம் செய்தாராம். சின்ன வயதில் இதைப் பக்திக்கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். இன்று படி ஏறி மேலே நின்று பார்த்தபோது, இதில் பூகோளமும் இருக்கிறதே என்று தோன்றியது. தெற்கிலிருந்து நான் பின்தொடர்ந்து வந்த ஆறு வருகிறது. மேற்கிலிருந்து சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகச் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் வருகிறது. இரண்டும் சேருவது இந்த மலையடிவாரத்துச் சமவெளியில்தான். பெரிய மழையில் இந்த இடம் கடலாகாமல் என்ன செய்யும்? ஆழ்வார் காத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீருக்கு அதன் நேரத்தைக் கொடுத்திருக்கிறார்.

செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு ஆழம் 24 அடி. அதுவும் ஒரு ஏரிதான், ஆனால் இங்கே மனிதர் கையில் ஷட்டர் இருக்கிறது. இந்தச் சங்கமத்துக்குக் கீழேதான் அடையாறு பார்வைக்கே ஆறாகிறது.

மூன்றாம் நாள்: அனகாபுத்தூர் முதல் நந்தம்பாக்கம் வரை

இன்று எழுத அதிகமில்லை. அனகாபுத்தூரில் தறிச் சத்தம் கேட்கும் என்று நினைத்துப் போனேன், இரண்டு தெருவில் கேட்டது. ஒருகாலத்தில் இங்கிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நைஜீரியாவரை போனது. இப்போது வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். பாலத்தருகே வந்ததும் வாடை அடிக்க ஆரம்பித்தது, நிறம் சாம்பலாகிவிட்டது, ஆகாயத்தாமரை கரைக்குக் கரை அடைத்து நிற்கிறது. முந்தாநாள் ஆதனூரில் மீன் துள்ளிய தண்ணீர்தான் இது. ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயாக எண்ணிக்கொண்டு வந்தவன் பதினேழோடு நிறுத்திவிட்டேன்.

கவுல் பஜார் தாண்டினால் விமான நிலையம். இரண்டாவது ஓடுதளத்தை நீட்டியபோது நடுவில் ஆறு குறுக்கிட்டது, அதனால் ஆற்றின் மேல் தூண் நிறுத்திப் பாலமாக்கி அதன் மேல் ஓடுதளத்தைக் கொண்டுபோனார்கள். மணப்பாக்கம் பக்கமிருந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கிட்டப் போக விடமாட்டார்கள், சரி. 2015-ல் ஆறு பாலத்துக்குக் கீழே மட்டும் போகவில்லை, ஓடுதளத்தின் மேலேயே ஏறி, விமான நிலையத்தை டிசம்பர் 6 வரை மூட வேண்டியதாயிற்று.

கால் வலி. நாளை எங்கள் பேட்டை.

நான்காம் நாள்: ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்

காசி தியேட்டர் பாலத்தில் நின்று ஆரம்பித்தேன். எதிர்க்கரை ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி, ஊர்ப்பேரிலேயே இருக்கிறது, முப்பது வருஷமாக பஸ் போர்டில் படித்திருக்கிறேன், இந்த வாரம்தான் உறைத்தது. அதோடு நிற்கவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீளமாக ஒரு ஏரி கிடந்தது, வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. ஏரி போனாலும் அந்தப் பக்கத்து மழைத்தண்ணீர் மாம்பலம் கால்வாயாக இன்றைக்கும் அடையாற்றைத் தேடித்தான் வருகிறது. ஆதனூரில் பார்த்த ஏரிச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் நகரத்துக்குள்ளேயே இருந்திருக்கின்றன, நாங்கள் அதன் மேல் தீபாவளிக்குத் துணி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருமுனையில் கரைச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரோரம் இருந்த வீடுகள் இல்லை. கூடப் படித்த இரண்டு பேரின் குடும்பம் அங்கே இருந்தது. வெள்ளத்துக்குப் பின் இந்தக் கரையோரத்து ஜனங்களில் நிறையப் பேரைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அதில் ஒருவனுக்கு போன் செய்து "நம்ம ஆத்தோரமா நிக்கிறேன்டா" என்றேன். "தண்ணி போவுதா?" என்றுதான் முதலில் கேட்டான். வேலைக்கு இன்னும் இந்தப் பக்கம்தான் வருகிறான், விடியற்காலை பஸ் பிடித்து. அவன் வீடு ஆற்றின் வழியில் இருந்தது உண்மை. ஆற்றின் வழியில் இருந்த எல்லாவற்றையும் இப்படி எடுக்கவில்லை என்பதும் உண்மை. நேற்று பார்த்த தூண்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம். இதே இடத்தில் 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்தார். மர்மலாங் பாலம் என்று பெயர், மாம்பலம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. பரங்கிமலைக்குப் படி கட்டியதும் அவரே. அன்றைக்கு ஆற்றைக் கடப்பது அவ்வளவு பாடாக இருந்திருக்கிறது. பழைய பாலம் போய்விட்டது, அதன் கல்வெட்டு சாலையோரம் நிற்கிறது. போகிற வண்டிகளில் யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில் ஆறு வளைந்து வளைந்து போகிறது. வளைவில் வெளிக்கரைப் பக்கம் ஓட்டம் வேகம், அரிக்கும். உள்கரைப் பக்கம் மெதுவாகி மண்ணைப் போடும். சுவர் இல்லாத காலத்தில் ஆறு இப்படித்தான் இந்தப் பக்கம் தின்று அந்தப் பக்கம் கொடுத்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்திருக்கும். இரண்டு பக்கமும் கான்கிரீட் வைத்து, இனி நகராதே என்று சொல்லியாயிற்று. பக்கவாட்டில் நகர முடியாததால் மேலே ஏறுகிறது, எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஏறியதும் அதுதான்.

கோட்டூர்புரம் தாண்டி பக்கிங்காம் கால்வாய் குறுக்கே வெட்டுகிறது. 1877, 78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலியாகக் கஞ்சி கிடைத்தால் போதும் என்று வந்தவர்களை வைத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய துண்டு இங்கேதான் தொடங்குகிறது. தொட்டுக்கொள்ளாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு ஆறுகளுக்கும் அன்றிலிருந்து தொடர்பு. இப்போது அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள்.

ஐந்தாம் நாள்: முகத்துவாரம்

இன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முட்டி வலி, மணலில் நடக்க முடியாது என்றாள், பட்டினப்பாக்கம்வரை ஆட்டோவில் வந்து, சீனிவாசபுரம் தாண்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தோம்.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் ஆறு திடீரென்று அகலமாகிவிடுகிறது. தென்கரையில் 1882-லிருந்து இருக்கும் பிரம்மஞான சபையின் தோப்பு. வடக்கே ஒரு கிளை உள்ளே மடங்கிப் போகிறது, அதில்தான் தொல்காப்பியப் பூங்கா. அந்தக் கிளைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிவிபில் தீவு. 1746-ல் இந்தக் கழிமுகத்தில்தான் ஆற்காட்டு நவாபின் படையைச் சின்ன பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து வந்து தோற்கடித்தது.

அப்புறம் உடைந்த பாலம். 1967-ல் மீனவர்கள் எதிர்க்கரைக்குப் போகக் கட்டினார்கள், பத்தே வருஷத்தில், 1977-ல், ஆறு ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி அப்படியே நிற்கிறது.

முகத்துவாரம் அங்கே இருக்கும் என்று போன வருஷப் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன், அங்கே மணல் மேடுதான் இருந்தது. வாய் வடக்கே தள்ளி இருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "அது இன்னா ஒரே எடத்துலயா இருக்கும்?" என்றார். நாங்கள் நிற்பதைப் பார்த்து அம்மாவுக்குப் படகு நிழலில் ஒரு பலகை எடுத்துப் போட்டார்.

அவர் சொன்னதும் நான் படித்ததும் ஒத்துப்போகின்றன. இந்தக் கடற்கரையில் மணல் சும்மா இருப்பதில்லை, கரையோர நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே, அதைத் தெண்டி என்கிறார்கள். வாடைக்காற்று காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே, அது வன்னி. ஆற்றில் வேகம் இருந்தால் வருகிற மணலை வெட்டிக்கொண்டு கடலுக்குள் போகும். வேகம் குறைந்தால் மணல் ஜெயித்து வாயை அடைத்துவிடும். கோடையில் முழுசாக அடைந்து பொக்லைன் வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும். அடைகிற ஆறு என்பதால்தான் அடையாறு என்று சொல்வார்கள். வடக்கே துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டி இந்த மணலை மறித்ததில்தான் மெரினா இவ்வளவு அகலமாயிற்று, துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டு போனதும் அதே கணக்கில்.

"இப்ப நாங்க உக்காந்துகினு இருக்கற எடம் பதினஞ்சுல ஆறு தம்பி," என்றார் பெரியவர். "மொத்த மேட்டையும் வாரிகினு பூட்ச்சு. அம்மாம் அகலம், ரெண்டு நாள் கடல் செவப்பா இருந்துச்சு. அப்பால தெண்டி வந்து திரும்பக் கொட்டிச்சு."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஆதனூர்க் கலங்கலையும் கொசுவலைப் பையன்களையும் சொன்னேன், போனில் இருந்த படங்களைக் காட்டினேன். எதுவும் வழியலன்னா அந்த வருசம் ஆறே இல்ல என்று அந்த வலைக்காரர் சொன்னதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நம்ம வூட்டுக்கு வந்தது ஒரு தண்ணி இல்ல," என்றாள். "எத்தினி ஊர்த் தண்ணி."

பதினோரு மணி வாக்கில் ஓதம் ஏற ஆரம்பித்தது. வாயில் கடல் உள்ளே திரும்பியது, நுரையும் ஒரு தென்னமட்டையும் பாலத்தை நோக்கி மேற்கே போயின, மணல் திட்டில் நின்றிருந்த உள்ளான்கள் நாலடி பின்வாங்கி மறுபடி கொத்தத் தொடங்கின. பெரியவர் பொறுமையாக வலையைத் தூக்கி இரண்டு எட்டு மேலே வைத்தார். அம்மா பலகையை விட்டு எழுந்து செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைகிற மட்டும் போய் நின்றாள்.